உண்டு என்று சொன்ன குரல்

தேர் வடம் மணலில் கிடந்தது. தும்பால் முறுக்கிய, ஆளின் தொடை மொத்தமுள்ள வடம். அதைத் தூக்க வேண்டிய ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறை நின்றுவிட்டது. சங்கு ஊதுகிறவர் சங்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார். உச்சி வெயில். மணல் காலைச் சுட்டது. தேருக்கு முன்னால், வடத்தின் இரண்டு வரிசைக்கும் நடுவில், என் அம்மா தனியாக நின்றாள்.

அவள் கையில் ஒரு சால்வை இருந்தது. அது என் கணவருடைய சால்வை. அது எப்படி அவள் கைக்குப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குத் தேர் வெகுநேரம் அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சக்கரம் மணலில் புதைந்துவிட்டது என்பார் ஒருவர். அச்சு இறுகிவிட்டது என்பார் இன்னொருவர். சாமிக்குக் கோபம் வந்தது என்று கண்ணை மூடிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றும் புதையவில்லை, ஒன்றும் இறுகவில்லை. சாமி பாவம், அலங்காரத்தோடு மேலே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. என் அம்மா வழியில் நின்றாள், அவ்வளவுதான்.

எழுத வேண்டாம் என்றவருக்கு

கோயில் திருவிழாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு பெரிய மனிதர் சந்தையில், மீன் வாங்கிக்கொண்டு நின்ற என்னை மறித்தார். “கோயில் விஷயத்தைப் பேப்பரில இழுக்காதீங்க. பழைய குப்பையை ஏன் கிளறுறீங்க?” என்றார்.

குப்பை என்றால் கிளறித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாறும் என்று சொல்லிவிட்டு என் கெளிற்று மீனைப் பார்த்து வாங்கினேன். இத்தனை வருஷமாக எனக்கு வாய் அதிகம் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். இந்த வாய் எங்கிருந்து வந்தது என்பது இந்த வாரம் தெரிந்துவிடும்.

அவருக்காக ஒரே ஒரு சலுகை. கோயிலின் பேரை எழுதவில்லை. எங்கள் குடியின் பேரையும் எழுதவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், வயல்வெளிக்கு நடுவே இருக்கிற பழைய கோயில். ஆவணியில் திருவிழா. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய வருஷங்களில் ஒன்று. இது போதும்.

தாய் எந்தக் குடியோ அந்தக் குடி

மட்டக்களப்பார் அல்லாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்களுக்குக் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழி. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகள் எல்லோரும் அந்தக் குடி. ஆணும் பெண்ணும் ஒன்றுதான். ஆனால் அந்த ஆண் கல்யாணம் கட்டினால் அவன் பிள்ளைகள் அவன் மனைவியின் குடியில் சேர்ந்துவிடும். கோயிலில் அவனுக்கு ஓர் இடம் இருந்தால் அது அவன் மகனுக்குப் போகாது. அவன் சகோதரியின் மகனுக்குப் போகும்.

வீடும் அப்படித்தான். வீடு மகளுக்கு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். சண்டை வந்தால் அதே பெட்டியோடு தாய் வீட்டுக்குப் போவார்.

என் கணவர் யாழ்ப்பாணத்தவர். எங்கள் ஊர்த் தபால் கந்தோருக்கு மாற்றலாகி வந்து, என்னைக் கட்டி, எங்கள் வீட்டில் பெட்டியை வைத்தவர். சாந்தமான மனிதர். கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டார்.

“இஞ்சரும், எங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அது எந்தக் குடி?”

“என்ட குடி.”

“அப்ப நான்?”

“நீங்க யாழ்ப்பாணம்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சற்றுநேரம் கழித்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, “பகிடியே, உண்மையே?” என்று மறுபடி கேட்டார். உண்மை என்றேன்.

கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வரிசை உண்டு. தேர் நாளில், வடத்தைத் தூக்குமுன், கணபதியார் என்ற முதியவர் தேர்முட்டியில், அதாவது தேரடி மேடையில், நின்று குடிகளின் பேரை ஒவ்வொன்றாகக் கூறுவார். பேரைக் கூறி, “உண்டோ?” என்று இழுத்துக் கேட்பார். அந்தக் குடியின் ஆள் முன்னே வந்து “உண்டு” என்று பதில் சொல்ல வேண்டும். வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் பூவும் வைத்த வட்டாவை, அதுதான் கால் வைத்த பித்தளைத் தட்டை, அந்த ஆளின் கையில் கொடுப்பார்கள். எல்லாக் குடியும் கூறி முடிந்தால்தான் வடத்தில் கை வைக்கலாம்.

கூறும்போது பதில் வராவிட்டால் அடுத்த வருஷம் அந்தப் பேரைக் கூறமாட்டார்கள். அதற்குப் பிறகு என்றைக்கும் கூறமாட்டார்கள்.

அப்படிப் பேரை இழந்த குடி ஒன்று எங்கள் அயலிலேயே இருந்தது. அந்தக் குடிப் பெண் ஒருத்தியைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். திருவிழாவுக்கு எல்லோரையும்போல வருவாள், பொங்குவாள், கற்பூரம் கொளுத்துவாள். கூறல் தொடங்கும்போது மட்டும் பானையைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து குளத்தடிக்குப் போய்விடுவாள். கழுவின பானையைத்தான் கழுவுவாள். அவள் முதுகை என்னால் மறக்க முடியவில்லை.

வண்ணக்கர் வந்தார்

எங்கள் குடிக்கு “உண்டு” சொல்லிவந்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். நெஞ்சில் முட்டு வந்து அதற்கு முந்திய மாரி மழைக்காலத்தில் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் மாமியின் குடி. அம்மாவுக்கு நானும் என் தங்கச்சியும்தான். ஆண்பிள்ளை இல்லை. அப்பா நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொடி ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வண்ணக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வண்ணக்கர் என்றால் கோயில் காரியங்களை நடத்துகிற தலைவர். வெள்ளை வேட்டி, பொன் கடுக்கன், வட்டை என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளி ஒன்று முழுவதும் அவருடையது. கூறலில் எங்கள் பேருக்கு அடுத்த பேர் அவருடைய குடி. எங்கள் பேர் விழுந்தால் அவர் பேர் ஒரு படி ஏறும். இது எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாததுபோல அவர் வெற்றிலை போட்டார்.

“கண்ணம்மை, கொண்ணன் போனது எங்களுக்கெல்லாம் நட்டம். இனி என்ன செய்யப்போறாய்?”

“என்னத்தை?”

“கூறலுக்கு நிக்க உங்களில ஆம்பிளை இல்லையே.”

“ஆள் வரும்” என்றாள் அம்மா.

“ஆர் வாற?”

“வரக்குள்ள பாருங்க.”

அவர் சிரித்தார். சமையற்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வயிறு வெளியே தெரியாத மாதம்தான் எனக்கு, ஆனாலும் ஊரில் எந்தச் செய்தி நிற்கும்? “இந்தப் புள்ளைக்குப் பொடியன் பிறந்து வளரட்டும். மறுகா யோசிப்பம். இல்லாட்டி மருமகன்தான் இரிக்காரே, படிச்ச மனிசன், அவரை நிப்பாட்டு” என்றார்.

“அவர் எங்கட குடி இல்ல.”

“அதைச் சபையில ஆர் கேக்கப்போறா?”

அம்மா எழுந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வீட்டில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். பேசி முடிந்த பிறகு தண்ணீர் வைத்தால் எழுந்து போங்கள் என்று அர்த்தம். வண்ணக்கருக்கு அது விளங்கியது. குடிக்காமல் போனார்.

அவர் சொன்னதில் இருந்த நஞ்சு எனக்கே பிறகுதான் பிடிபட்டது. தாய்வழியில் சேராத ஒருவன் எங்கள் பேருக்கு “உண்டு” சொல்லி வட்டாவை வாங்கினால், வண்ணக்கரே அடுத்த நாள் சபை கூட்டி, வந்தான் வரத்தானை நிறுத்திச் சாமிக்கு முன்னால் பொய் சொன்ன குடி என்று பேரை வெட்டிவிடலாம். நின்றாலும் போச்சு, நிற்காவிட்டாலும் போச்சு.

அம்மா கல்குடாவுக்கு ஆள் அனுப்பினாள். அங்கே எங்கள் குடியில் தூரத்து உறவுப் பையன் ஒருவன் இருந்தான். வருகிறேன் என்றவன், இரண்டு நாள் கழித்து வயிற்றுவலி என்று சொல்லியனுப்பினான். அவன் வேளாண்மை செய்தது வண்ணக்கரின் வட்டையில். அந்த வயிற்றுவலியை நான் குறை சொல்லமாட்டேன். அம்மா சொன்னாள், நிறையவே சொன்னாள், அதை அச்சில் போட முடியாது.

பக்கத்து வளவுக்காரி

இந்த இடத்தில் சின்னப்பிள்ளை மாமியை அறிமுகப்படுத்தவேண்டும். வண்ணக்கரின் கூடப்பிறந்த தங்கை. எங்களுக்குப் பக்கத்து வளவு. எங்கள் மாமரத்தின் ஒரு கொப்பு அவர்கள் வேலிக்கு மேலால் போனது. அந்தக் கொப்பில் காய்த்த காய் யாருக்கு என்ற வழக்கில் அம்மாவும் அவளும் பேச்சை நிறுத்தி வருஷங்கள் ஆகியிருந்தன.

பேச்சு இல்லையே தவிர ஏச்சு உண்டு. ஆளைப் பார்த்து ஏசுவதில்லை. அம்மா கோழியைப் பார்த்து ஏசுவாள். மாமி நாயைப் பார்த்துப் பதில் சொல்வாள். எங்கள் கோழியும் அவர்கள் நாயும் கேட்காத பேச்சு இல்லை.

அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாவி கடந்த காலை

தேரன்று விடியத் தோணியில் போனோம். அம்மா, நான், தங்கச்சி, என் கணவர். தோணி அகமதுலெவ்வை காக்காவுடையது; முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். காத்தான்குடிக்காரர், சேலை நெய்து விற்கிற குடும்பம். திருவிழாவுக்கு அவரே பொட்டணி கட்டிக்கொண்டு வருவார், கோயில் வீதியில் கடை போடுவார். மாமாவும் அவரும் சிநேகிதர். மாமா போனபிறகு எங்களைக் கரை சேர்ப்பது தன் பொறுப்பு என்று தானாகவே எடுத்துக்கொண்டார்.

ஆவணியில் வாவியில் தண்ணீர் வற்றியிருக்கும். கரைச் சேற்றின் உப்பு மணமும் கரையோரக் கண்ணாப் புதரின் மணமும் சேர்ந்து வரும். தோணிக் கோலாகிய சவளை ஊன்றினால் சேறு குமிழி விடும். தூரத்தில் தேரின் உச்சிக் கலசம் மட்டும் தென்னைகளுக்கு மேலே தெரிந்தது. அதைக் கண்டதும் தோணியில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். அம்மா கைகூப்பவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூறலுக்கு ஆர் நிக்கிற, தங்கச்சி?” என்று காக்கா அம்மாவைக் கேட்டார்.

“ஆள் இல்ல, காக்கா.”

அவர் சவளை நிறுத்தினார். “நம்மட பள்ளிவாசல்லயும் குடிதான். பள்ளியை நடத்துற மரைக்கார் எண்டு வந்து நிக்கிறவன் உம்மாவைக் காட்டித்தான் நிக்கோணும். வாப்பாவைக் காட்டினா எழும்பிப் போ எண்டிருவாங்க.” பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “உம்மாவே வந்து நிண்டா என்ன செய்வாங்க எண்டு தெரியா. இதுவரைக்கும் ஒருத்தியும் நிக்கல்ல.”

அம்மா தோணி விளிம்பில் குனிந்தாள். தண்ணீரில் கையை விட்டு முகத்தைக் கழுவினாள். அந்த நிமிஷத்தில்தான் அவள் தீர்மானித்தாள் என்று நான் நினைக்கிறேன். கேட்டபோதெல்லாம் அவள் மறுத்தாள். தோணியில் ஏறும்போதே தீர்மானித்துவிட்டதாகச் சொன்னாள். அவள் பெருமையை நான் ஏன் குறைக்கவேண்டும்?

கோயில் வீதி நிறைந்து கிடந்தது. கதிரவெளிப் பக்கத்து மீன்பிடிச் சனங்கள் கடற்கரை மணலில் நாட்கணக்காக நடந்து வந்து ஆலமரத்தடியில் பானை வைத்திருந்தார்கள். அவர்கள் கால் விரல்களில் வெடிப்பு, முகத்தில் நீறு. கச்சான் கடலை வறுக்கிற மணம், பாலைப்பழம் குவித்த கடகங்கள், வளையல்காரனின் சத்தம். ஈரச் சேலையோடு பெண்கள் கோயிலைச் சுற்றி அடியடியாக விழுந்து கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. தேனெடுக்கப் போன வேடன் ஒருவன் மரப்பொந்தில் வேல் ஒன்றைக் கண்டான், அதை எடுக்கத் தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டான், அவள் வந்து சேலைத் தலைப்பில் ஏந்தி எடுத்தாள் என்று மாமா சொல்வார். கோயிலில் இப்போது சொல்கிற கதையில் அந்த மனைவி இல்லை. வேடனே எடுத்ததாக ஆகிவிட்டது. எங்கே தொலைந்தாளோ தெரியாது. குளத்தடியில் பானை கழுவப் போயிருப்பாள்.

உண்டோ?

சாமியைத் தேரில் ஏற்றி, திரை விலக்கி, தீபம் காட்டினார்கள். கணபதியார் தேர்முட்டியில் ஏறி நின்றார். கூட்டம் அடங்கியது. முதல் குடியைக் கூறினார். “உண்டு.” வட்டா போனது. இரண்டாவது குடி. “உண்டு.”

நான் பக்கத்தில் கணவரைத் தேடினேன். காணவில்லை.

மூன்றாவதாக எங்கள் பேர். கணபதியார் நல்ல குரல்காரர். அந்தப் பேரை அவர் கூறினபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “உண்டோ?” என்று இழுத்தார்.

அப்போது வண்ணக்கருக்குப் பக்கத்தில் இருந்து என் கணவர் முன்னே வந்தார். புது வேட்டி, இடுப்பில் சுற்றிய பட்டுச் சால்வை. முகம் சந்தோஷத்தில் மலர்ந்திருந்தது. காலையில் வண்ணக்கர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கட மாமி கண்ணம்மை ஓம்பட்டுட்டா, நீங்கதான் நிக்கோணுமாம்” என்று சொல்லியிருக்கிறார். இவர் நம்பிவிட்டார். எங்கள் மானத்தைத் தான் காப்பாற்றுவதாகவே நினைத்து நடந்தார். யாழ்ப்பாணத்தார் செய்யக்கூடிய பிழைதான் அது. எங்கள் ஆட்களில் ஒரு சிறு பிள்ளைகூடச் செய்யாது.

அவர் வாயைத் திறக்குமுன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பின்னால் இருந்து சால்வையைப் பிடித்து இழுத்தாள். சால்வை அவிழ்ந்து அவள் கையோடு வந்தது. சனம் சிரித்தது.

“மாமி, என்ன இது? வண்ணக்கர் சொன்னவர்...”

“நீங்க அங்கால போங்க, தம்பி. உங்களில பிழை இல்ல.”

பிறகு அவள் தேரைப் பார்த்து நின்று, சந்தையில் கூப்பிடுகிறமாதிரிப் பெருங்குரலில், “உண்டு!” என்றாள்.

சிரிப்பு நின்றது. கணபதியார் வண்ணக்கரைப் பார்த்தார்.

“பொம்பிளைக்கு வட்டா குடுக்கிறதில்ல” என்றார் வண்ணக்கர்.

“ஏன்?”

“வழமை இல்ல.”

“குடி பொம்பிளையால வாறது வழமைதானே? வட்டா மட்டும் ஏன் வழமை இல்ல?”

“கண்ணம்மை, தாலி இல்லாதவள் சாமிக்கு முன்னால வழிமறிச்சி நிக்கிறாய். அபசகுனம். ஒதுங்கு.”

எனக்குக் காது அடைத்தது. அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. அம்மா நிதானமாகச் சொன்னாள்.

“தாலி புருசன் கட்டினது. குடி என்ட அம்மா தந்தது. அவர் போகக்குள்ள தாலியைத்தான் கொண்டு போனார். குடியைக் கொண்டு போக அவரால ஏலா, உங்களாலயும் ஏலா.”

வண்ணக்கருக்கு முகம் கறுத்தது. “அடுத்ததைக் கூறுங்க, கணபதியார். பொடியன்மாரே, வடத்தில நில்லுங்க!” என்று கத்தினார்.

இரண்டு வரிசை ஆண்களும் குனிந்தார்கள். அம்மா நடுவில் நின்றாள். தேர் புறப்பட்டால் நேரே அவள்மேல்தான் வரும். நான் அவளிடம் ஓடினேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. பயமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் அதுவரைக்கும் என் அம்மாவைப்பற்றி அவ்வளவு பெருமைப்பட்டதும் இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. நாயைப் பார்த்து ஏசி ஏசிப் பழகிய குரல். எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

“கொஞ்சம் நில்லுங்கடா!”

சின்னப்பிள்ளை மாமி முன்னே வந்தாள். அம்மாவை அவள் பார்க்கவில்லை. நேரே தமையனிடம் போனாள்.

“எனக்கும் இவளுக்கும் பேச்சு இல்ல. அது மாங்காய்ச் சண்டை, அது வேற. நான் உன்னைக் கேக்கன் அண்ணன், உனக்குக் குடி எங்கால வந்தது? அப்பாவாலயா வந்தது?”

மாமி இன்னும் ஓரடி முன்னே வைத்தாள்.

“எனக்கும் ரெண்டும் பொண்டுகள்தான். நாளைக்கு நீ கண்ணை மூடினா நம்மட பேரையும் வெட்டிப்போட்டு, இந்தா பின்னுக்கு நிக்கிறவன் ஒரு படி ஏறுவான். என்னையும் குளத்தடியில பானை கழுவ விடப்போறியா?”

“வாயை மூடு, புள்ள. இது சபை.”

“நான் மூடமாட்டன்.” அவள் வடத்தண்டை நின்ற ஆண்கள் பக்கம் திரும்பினாள். “நீங்களும் கேளுங்க. வீடு எங்கட பேரில. வளவு எங்கட பேரில. இண்டைக்கு வடத்தில கை வைக்கிறவன், இரவைக்கு எங்க படுக்கிறதெண்டு யோசிச்சிட்டு வை.”

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அது சும்மா சிரிப்பு இல்லை. ஒருத்தி தன் புருஷனின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னொருத்தி, “பெட்டியைக் கட்டி வைக்கட்டா?” என்று கேட்டாள். முதல் வரிசையில் நின்ற கட்டையான மனிதர் ஒருவர் மெல்ல நிமிர்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னே போனார். அதற்கு அடுத்தவர் மூக்கைச் சொறிவதுபோலக் கையை எடுத்தார். ஒவ்வொரு கையாக வடத்தை விட்டது. வடம் மணலில் கிடந்தது.

இதுதான் நான் முதலில் சொன்ன காட்சி.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அகமதுலெவ்வை காக்கா கடையை விட்டுவிட்டு வீதி ஓரத்தில் வந்து நின்றார். கதிரவெளிச் சனங்கள் பானையை அடுப்பிலே விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒரு கிழவி அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் நீட்டினாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் உதடு வெடித்திருந்தது. நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியில் தேர்மேல் இருந்த பூசகர் குனிந்து சொன்னார். “சாமியை இப்பிடி வெயில்ல வைக்க ஏலா. முடிவைச் சொல்லுங்க.”

வண்ணக்கர் தங்கையைப் பார்த்தார். வடத்தைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓம் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கணபதியாருக்கு அது போதுமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் பேரை முதலில் இருந்து, முழுசாக, வேறு எந்த வருஷத்திலும் நான் கேட்டிராத அழுத்தத்தோடு கூறினார்.

“உண்டோ?”

“உண்டு.”

வட்டாவை அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கின பிறகுதான் அழுதாள். மாமாவின் பேரைச் சொல்லி அழுதாள்.

பிறகு வண்ணக்கரின் குடி, அதற்குப் பிறகு மற்றவை. எல்லாம் கூறி முடிந்ததும் வடத்தைத் தூக்கினார்கள். நானும் பின் வரிசையில் போய்க் கை கொடுத்தேன். தும்பு உள்ளங்கையை அறுத்தது. தேர் ஒரு தரம் முனகிவிட்டு அசைந்தது.

இந்த வருஷத்துக்கு மட்டும்

திரும்பும்போது தோணிக்கரையில் வண்ணக்கர் எங்களை மறித்தார். “இது இந்த வருஷத்துக்கு மட்டும்” என்றார்.

“வாற வருஷமும் வருவன். அப்பவும் இதைச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அவர் சொன்னார். அம்மா போனாள். அதற்கடுத்த வருஷமும் சொன்னார், போனாள். யுத்த காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, மண்ணெண்ணெய் இல்லாமல், ஆகாயக் கப்பல் சத்தம் கேட்டால் சனம் மரத்தடிக்கு ஓடிய வருஷத்திலும் போனாள். அவர் இருக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் அது அந்த வருஷத்துக்கு மட்டும்தான்.

என் கணவர் சால்வையை மறுபடி கட்டவில்லை. வெட்கம் தீர வெகுநாள் ஆயிற்று. ஆனால் அன்று தோணியில், பாதி வழியில், “இஞ்சரும், எங்கட பிள்ளை உம்மட குடியாகவே இருக்கட்டும்” என்றார். அதற்கு அவரிடம் யாரும் உத்தரவு கேட்கவில்லைதான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவும் சின்னப்பிள்ளை மாமியும் சமாதானமானார்கள் என்று எழுத ஆசை. ஆகவில்லை. அடுத்த நாள் காலை அம்மா வட்டாவில் இருந்த தேங்காயை உடைத்து, ஒரு பாதியை வேலிக்கு மேலால் வைத்தாள். மாமி எடுத்துக்கொண்டாள். எடுத்துவிட்டு நாயைக் கூப்பிட்டு, “இந்தக் கோழிக்காரிக்குத் தேங்காயும் ஒழுங்கா உடைக்கத் தெரியா” என்றாள். இருவரும் சாகும்வரை நேருக்கு நேர் பேசவே இல்லை.

பொடியன் பிறக்கட்டும், வளரட்டும், மறுகா யோசிப்பம் என்று வண்ணக்கர் சொன்னார் அல்லவா? அடுத்து வந்த மாரியில் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. அம்மா குழந்தையைக் கையில் வாங்கி, வெளியே வேலிப்பக்கம் கொண்டுபோய், கோழிகளைப் பார்த்து, “எங்களுக்கு ஆள் வந்திட்டுது!” என்று ஊர் கேட்கச் சொன்னாள். அடுத்த வளவில் நாய் குரைத்தது.

அம்மாவுக்குப் பிறகு நான் நின்றேன். முழங்கால் வளையாமல் போனபிறகு விட்டுவிட்டேன்.

சந்தையில் என்னை மறித்த பெரிய மனிதர் இதையும் படிப்பார். அவர் அந்த வண்ணக்கரின் குடி. கூறலில் அவர் இன்றைக்கும் எங்களுக்கு அடுத்தபடியாகத்தான் நிற்கிறார்.

மற்றவர்கள் அது எந்தக் குடி, எந்தக் கோயில் என்று என்னைக் கேட்கவேண்டாம். ஆவணியில் வாவி கடந்து போய்த் தேர்முட்டியில் நில்லுங்கள். மூன்றாவது பேரைக் கூறி, “உண்டோ?” என்று இழுப்பார்கள். பெண் குரல் ஒன்று பதில் சொல்லும். அது என் மகள்.